ஓவியத்தைப் பற்றிய கலைக்களஞ்சியக் கட்டுரையைச் செம்மைப்படுத்துவது எப்படி: திருமலைச் சுவரோவியத்தை முன்வைத்து

ஓர் ஓவியத்தைப் பற்றிய கலைக்களஞ்சியக் கட்டுரையைத் திருத்த உட்காருகிறவர் முதலில் செய்ய வேண்டியது, கட்டுரையை மூடி வைத்துவிட்டு ஓவியத்தைப் பார்ப்பதுதான். நேரில் போக முடிந்தால் நேரில் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் கிடைக்கிற ஒளிப்படங்களில் தெளிவானதை எடுத்துப் பெரிதாக்கி, குறைந்தது கால் மணி நேரமாவது பொறுமையாகப் பார்க்க வேண்டும். எத்தனை உருவங்கள் இருக்கின்றன, நடுவில் யார், ஓரத்தில் யார், எந்த வண்ணம் மேலோங்கி நிற்கிறது, எங்கே காரை உதிர்ந்திருக்கிறது, எந்த இடத்தில் பிற்காலத்தில் மேலே பூசியதுபோல் தோன்றுகிறது என்று கண்ணுக்குத் தெரிவதை மட்டும் ஒரு தாளில் சொந்த வாக்கியத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கட்டுரையை முதலில் படித்துவிட்டால், அதன் பிறகு கண் அதில் சொன்னதை மட்டுமே தேடும்.

இதை நான் என் தவற்றிலிருந்தே கற்றேன். பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பின், எங்கள் வட ஆற்காட்டுப் பகுதி ஓவியங்களைப் பற்றி இணையக் கலைக்களஞ்சியத்தில் உள்ள கட்டுரைகளைச் சரிபார்க்கத் தொடங்கினேன். அப்படி ஒரு நாள் போளூருக்கு அருகிலுள்ள திருமலைச் சமணக் கோயிலைப் பற்றிய கட்டுரை ஒன்றை அச்செடுத்துக்கொண்டு, வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாகப் போளூர் செல்லும் பேருந்தில் ஏறினேன். வழியெல்லாம் அந்த அச்சுத் தாளைத்தான் படித்துக்கொண்டு போனேன். குகையை ஒட்டிக் கட்டிய இருண்ட செங்கல் அறைகளில் சக்கரம் போன்ற ஓர் ஓவியம் இருப்பதாகவும், அது அழகிய அலங்காரக் கோலம் என்றும் அதில் எழுதியிருந்தது. உள்ளே போய் டார்ச்சு வெளிச்சத்தில் பார்த்தபோது எனக்கும் கோலம்தான் தெரிந்தது. சிறிது நேரம் தரையில் உட்கார்ந்து, கண் இருட்டுக்குப் பழகிய பிறகே, அந்தச் சக்கரத்தின் கட்டங்களுக்குள் சிறு சிறு உருவங்கள் அமர்ந்திருப்பது தெரிந்தது. அது ஓர் அவை. சமணர் தம் அறவழிகாட்டியாக வணங்கும் தீர்த்தங்கரர் முழுதுணர் ஞானம் பெற்ற பின் அறம் உரைப்பதற்காகத் தேவர்கள் அமைக்கும் சமவசரணம் என்னும் பேரவையை ஓவியர் வட்டமாக வரைந்திருக்கிறார். ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த மதில்களும், தேவர், மனிதர், விலங்கு என எல்லா உயிர்களும் கேட்க அமரும் பன்னிரண்டு பகுதிகளும், நடுவில் நான்கு திசையினருக்கும் முகம் காட்டி வீற்றிருக்கும் தீர்த்தங்கரரும் அதன் இலக்கணம் என்று சமண நூல்கள் சொல்கின்றன. முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்த நான், ஒரு கட்டுரையின் ஒற்றைச் சொல்லை நம்பி ஒரு பேரவையைக் கோலமாகப் பார்த்தேன்.

எந்த ஓவியம் என்பதை உறுதி செய்தல்

அடுத்த வேலை சிறியதாகத் தோன்றும், ஆனால் பெரும்பாலான குழப்பங்களுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. கட்டுரை பேசும் ஓவியமும், அதில் இணைத்துள்ள படமும், அதற்குச் சான்றாகக் காட்டிய நூல் பேசும் ஓவியமும் ஒன்றேதானா என்று பார்க்க வேண்டும். திருமலை என்ற பெயரில் திருப்பதி மலையும் உண்டு, எங்கள் போளூர்த் திருமலையும் உண்டு; தென்கோடியில் பாண்டியர் காலக் குகையும் ஓவியமும் உள்ள திருமலாபுரமும் உண்டு. ஒரு நூலின் பொருளகராதியில் பெயரை மட்டும் தேடிப் பக்க எண்ணை எடுத்து எழுதியவரால், பாண்டியர் ஓவியத்தைப் பற்றிய கருத்தைச் சோழ நாட்டு இளவரசி கட்டிய சமணக் கோயிலின் மேல் ஏற்றிவிட முடியும்.

சட்டகத்துக்குள் இருக்கும் எண்ணெய் வண்ண ஓவியங்களில் இந்தச் சிக்கல் வேறு வடிவில் வரும். ஆற்காட்டு நவாப் முகம்மது அலி கான் வாலாஜாவை எடுத்துக்கொள்வோம். 1769இல் சென்னைக்கு வந்த ஆங்கிலேய ஓவியர் டில்லி கெட்டில் அவரை வரைந்தார். 1774இல் வந்த ஸ்காட்லாந்து ஓவியர் ஜார்ஜ் வில்லிசனும் அவரை வரைந்தார், அதுவும் ஒரு முறையோடு நிற்கவில்லை. ஆகவே ‘ஆற்காட்டு நவாப் ஓவியம்’ என்று ஒரு கட்டுரை பொதுவாகச் சொன்னால், எந்த ஓவியர் வரைந்தது, எந்த அருங்காட்சியகத்தில் இருப்பது, அங்கே அதற்குக் கொடுத்துள்ள பதிவெண் என்ன என்று கேட்டுத் தெளியாமல் ஒரு வாக்கியத்தைக்கூடத் தொடக் கூடாது. இந்த நவாப் கட்டுரைகளில் இன்னொரு வழுக்கல் இடமும் உண்டு. ஆற்காட்டு நவாப் என்பதால் ஆற்காட்டு அரண்மனையில் அமர்ந்து வரையப்பட்டார் என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் வாலாஜா 1768 முதல் சென்னைச் சேப்பாக்கம் அரண்மனையில் இருந்தவர். இந்த ஓவியர்கள் இருவரும் வந்திறங்கியதும் சென்னைக்கே. ஆற்காடும் வாலாஜாபேட்டையும் எங்கள் ஊர்கள்தான், அந்தப் பெருமையை நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன்; ஆனாலும் ஓவியம் பிறந்த இடம் ஆற்காடு என்று எழுதுவதற்கு அது சான்றாகாது.

இராஜா இரவிவர்மாவைப் பற்றிய கட்டுரைகளில் எண்ணெய் வண்ண மூல ஓவியமும், 1894இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகம் வெளியிட்ட வண்ண அச்சுப்படமும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். நம் வீட்டுப் பூசையறையில் சட்டமிட்டு மாட்டிய இலட்சுமி படம் அச்சுப்படத்தின் வழிவந்தது. அளவு, ஆண்டு, இருக்கும் இடம் ஆகிய மூன்றும் மூலத்துக்கு வேறு, அச்சுக்கு வேறு.

மூன்று பென்சில்

கட்டுரையை இப்போது திறக்கலாம். நான் அதைத் திரையில் திருத்துவதில்லை. ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, வரிகளுக்கிடையே போதிய இடம் விட்டு, மூன்று வண்ணப் பென்சில்களோடு உட்காருகிறேன். ஓவியத்தைப் பார்க்கும் எவரும் தம் கண்ணாலேயே சரிபார்த்துக்கொள்ளக்கூடிய வாக்கியத்துக்குப் பச்சைக் கோடு. நம்பத்தக்க நூலோ ஆய்வுக் கட்டுரையோ அருங்காட்சியகப் பட்டியலோ சொல்வதாகச் சான்று காட்டியுள்ள வாக்கியத்துக்கு நீலக் கோடு. இரண்டும் இல்லாததற்குச் சிவப்பு. திருமலைக் கட்டுரையில் பாதிக்கு மேல் சிவந்து போயிற்று.

நீலக் கோடு இட்டவற்றை அப்படியே நம்பிவிடக் கூடாது. சான்றாகக் காட்டிய நூலை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, நூலாசிரியர் உண்மையில் என்ன சொன்னார் என்று பார்க்க வேண்டும். இதற்கு மாவட்ட நூலகத்தில் சில பிற்பகல்கள் செலவாகும். அதைத் தவிர்க்க வழியில்லை. ‘இருக்கலாம்’ என்று நூலாசிரியர் எழுதியது கட்டுரையில் ‘இருந்தது’ ஆகியிருக்கும். ‘ஒரு சாரார் கருதுவர்’ என்பது ‘ஆய்வாளர்கள் நிறுவியுள்ளனர்’ ஆகியிருக்கும். ஓவியக் கட்டுரைகளில் இந்த நழுவல் மிகுதியாக நடக்கக் காரணம், பழைய ஓவியத்தைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது உண்மையிலேயே குறைவு என்பதுதான். அந்தக் குறைவை அப்படியே காட்டுவதில் எந்தக் கேடும் இல்லை.

சிவப்பு வாக்கியத்தை உடனே நீக்கிவிடாதீர்கள். எழுதியவர் எங்கேயோ படித்துத்தான் எழுதியிருப்பார். தேடினால் அவற்றில் சிலவற்றுக்குச் சான்று கிடைக்கும். கிடைக்கும்வரை ‘சான்று தேவை’ என்ற குறியை இட்டு வைத்து, கட்டுரையோடு இணைந்த, திருத்துவோர் கலந்து பேசும் பேச்சுப் பக்கத்தில் கேட்டு, ஒரு மாதமாவது காத்திருங்கள். பிழை என்று ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தவற்றை மட்டும் உடனே எடுத்துவிடலாம்.

பச்சை வாக்கியங்களில் ஓர் எல்லை உண்டு, அதை நான் கடந்து திரும்பியிருக்கிறேன். வட்டத்துக்குள் உருவங்கள் அமர்ந்திருக்கின்றன என்று எழுதுவது வருணனை; யார் போய்ப் பார்த்தாலும் அது தெரியும். அந்த வட்டம் சமவசரணம் என்று எழுதுவது விளக்கம். அதற்கு நூற்சான்று வேண்டும். எனக்கு உறுதியாகத் தெரிந்தாலும், என் கண் எவ்வளவு பழகிய கண்ணாக இருந்தாலும், கலைக்களஞ்சியத்தில் என் சொல் சான்றாகாது. நான் நூலைத் தேடிக் கண்டு அதைச் சுட்டிய பிறகுதான் ‘கோலம்’ என்ற சொல்லை எடுத்தேன்.

வருணனையை எழுதுதல்

ஓவியக் கட்டுரையின் உயிர் வருணனைப் பகுதி. நம் கட்டுரைகளில் பெரும்பாலும் அதற்குத்தான் இரண்டு வரி. கோயிலைக் கட்டிய மன்னரின் போர்களுக்கு இரண்டு பக்கம். அதைத் தலைகீழாக மாற்றுங்கள். மன்னருக்குத் தனிக் கட்டுரை இருக்கிறது. ஓவியத்துக்கு இது ஒன்றுதான்.

வருணனையைப் பெரியதிலிருந்து சிறியதற்குக் கொண்டு செல்வது நல்லது. முதலில் ஓவியம் எதில் இருக்கிறது, சுவரிலா விதானத்திலா, எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்பது. பிறகு மொத்த அமைப்பு. பிறகு தலைமை உருவம், அதன் இருக்கை நிலை, கைகள், ஆடை, அணி. அதன் பிறகு சுற்றியுள்ளவை. இதில் இடது, வலது என்ற சொற்கள்தான் மிகுந்த குழப்பம் தருபவை. ‘இடப்புறம் நிற்கும் பெண்’ என்றால் பார்ப்பவருக்கு இடப்புறமா, நடுவில் உள்ள உருவத்துக்கு இடப்புறமா? சிற்ப நூல்களில் பெரும்பாலும் உருவத்தின் இடம் வலத்தைச் சொல்வார்கள். பார்த்து எழுதுபவர் தம் இடம் வலத்தைச் சொல்வார். இரண்டையும் ஒரே கட்டுரையில் கலந்துவிட்டால் வாசகர் திகைப்பார். ‘பார்ப்பவரின் இடப்புறம்’ என்றும் ‘உருவத்தின் வலக்கை’ என்றும் ஒவ்வொரு முறையும் முழுமையாக எழுதிவிடுங்கள். நீளமாகத்தான் இருக்கும், ஆனால் யாரும் ஏமாற மாட்டார்கள். இணைத்திருக்கும் படம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்பதையும் இதே இடத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். ஓவியத்தில் எழுத்து இருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். இல்லையென்றால் வேறொருவர் எடுத்த படத்தோடு ஒப்பிட வேண்டும்.

உருவங்களுக்குப் பெயரிடும்போது எங்கள் பகுதியில் தனிக் கவனம் தேவை. ஆரணி, போளூர், வந்தவாசி, செய்யாறு வட்டாரங்களில் தமிழ்ச் சமணர்கள், நயினார்கள் என்று ஊரார் மதித்து அழைக்கும் குடும்பங்கள், இன்றும் வாழ்கின்றன. கோயில்களில் வழிபாடும் நடக்கிறது. அப்படியிருக்க, கண்மூடி அமர்ந்திருக்கும் எந்த உருவத்தையும் புத்தர் என்று எழுதிவிடும் வழக்கம் கட்டுரைகளில் நீடிக்கிறது. அடையாளங்களைப் பாருங்கள். தலைக்கு மேல் பாம்பு படம் விரித்திருந்தால் பார்சுவநாதராக இருக்கலாம். காலிலும் கையிலும் கொடி சுற்றியிருந்தால் பாகுபலி. சங்கு சின்னமாக இருந்தால் நேமிநாதர். திருமலையில் பாறையில் செதுக்கி நிற்கும், ஏறத்தாழ 16 மீட்டர் உயர நேமிநாதர் சிலையைப் பார்த்தவர்கள் அங்கே அந்தப் பெயரைத் தவறவிட மாட்டார்கள். அடையாளம் அழிந்துபோயிருந்தால் ‘தீர்த்தங்கரர் ஒருவர்’ என்று நிறுத்திக்கொள்வதே முறை. ஐயம் இருந்தால் கோயிலில் வழிபடும் பெரியவர்களிடம் கேளுங்கள். அவர்கள் சொல்வதைக் கட்டுரையில் சான்றாகக் காட்ட முடியாவிட்டாலும், எந்தச் சொல்லை நூலில் தேட வேண்டும் என்பதை அவர்கள்தான் சொல்லித் தருவார்கள். சமவசரணம் என்ற சொல் எனக்கு அப்படித்தான் கிடைத்தது. “அது கோலம் இல்லீங்க ஐயா, பகவான் சபை” என்றார் வெளியே உட்கார்ந்திருந்த ஒரு முதியவர்.

காலம் என்னும் கண்ணி

கட்டுரையின் மற்ற எல்லாப் பகுதிகளையும்விட அதிக நேரத்தை ஓவியத்தின் காலத்துக்கு ஒதுக்குங்கள். திருமலையில் குந்தவை பெயரால் அமைந்த சமணக் கோயில் இருக்கிறது. முதலாம் இராசேந்திர சோழனின் வெற்றிகளைப் பட்டியலிடும் கல்வெட்டும் இருக்கிறது. 1890இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியிலேயே இவ்வூர்க் கல்வெட்டுகள் இடம்பெற்றுள்ளன. இதைப் பார்த்தவுடன் ஓவியமும் இராசேந்திரன் காலத்தது என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் பாறையில் உள்ள எழுத்தின் காலம் பாறைக்கு; சுதையின் மேலுள்ள வண்ணத்துக்கு அது பொருந்த வேண்டியதில்லை. ஒரே சுவரில் ஒரு காலத்துப் பூச்சின் மேல் இன்னொரு காலத்துப் பூச்சு ஏறியிருக்கவும் கூடும். திருமலை ஓவியங்களைச் சோழர் காலத்தோடு சேர்த்துப் பேசுவோரும் உண்டு. 15 முதல் 17ஆம் நூற்றாண்டு வரையிலான விசயநகர, நாயக்கர் காலத்தில் வைப்போரும் உண்டு. கட்டுரை இருவரையும் பெயரோடும் காரணத்தோடும் சொல்ல வேண்டும். பழமை கூடினால் பெருமை கூடும் என்று எண்ணி முதற்கருத்தை மட்டும் எழுதக் கூடாது.

கருத்து மாறும் என்பதற்குச் சித்தன்னவாசலைவிடத் தெளிவான சான்று இல்லை. அந்த ஓவியங்கள் நெடுநாள் ஏழாம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தவை என்று எழுதப்பட்டு வந்தன. பின்னர் அங்கே வெளிப்பட்ட பாண்டியர் காலக் கல்வெட்டு, மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் சீவல்லபன் ஆட்சியில் அந்தக் கோயிலைப் புதுப்பித்ததைச் சொன்னது. அதன் பிறகு இப்போது காணும் ஓவியங்களை ஒன்பதாம் நூற்றாண்டில் வைக்கும் கருத்து வலுப்பெற்றது. பழைய நூலை மட்டும் வைத்து எழுதிய கட்டுரை இன்றும் மகேந்திரவர்மனையே சொல்லிக்கொண்டிருக்கும். ஆகவே காலத்தைச் சொல்லும் ஒவ்வொரு சான்றுக்கும் அது வெளிவந்த ஆண்டைப் பாருங்கள். அதற்குப் பின் வந்தவர்கள் அதை ஏற்றார்களா மறுத்தார்களா என்று தேடுங்கள்.

வண்ணமும் பூச்சும்

‘மூலிகைச் சாயம்’ என்ற சொற்றொடர் தமிழகச் சுவரோவியக் கட்டுரைகளில் எங்கும் பரவியிருக்கிறது. சித்தன்னவாசல் ஓவியங்களைச் சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் ஆராய்ந்தபோது, பெரும்பாலும் கனிம வண்ணங்களையே கண்டார்: சுண்ணாம்பு வெள்ளை, கரியின் கருப்பு, செங்காவி, மஞ்சட்காவி போன்றவை. மண்ணும் கல்லும் தந்த நிறங்கள் என்பதால்தான் அவை வெயிலுக்கும் காலத்துக்கும் ஓரளவு தாக்குப்பிடித்தன. இலைச்சாறு என்று எழுதும்போது, நாம் புகழ நினைக்கும் ஓவியரின் உண்மையான தொழில் அறிவையே மறைத்துவிடுகிறோம்.

பூச்சு முறையைச் சொல்வதிலும் இதே கவனம் வேண்டும். ஈரமான சுண்ணாம்புக் காரையின் மேல் வரைவது ஒரு முறை. காய்ந்த பரப்பில் பசையோடு குழைத்த வண்ணத்தைத் தீட்டுவது இன்னொரு முறை. முதலாவதைத்தான் ஃபிரெஸ்கோ என்பார்கள். ஆங்கிலத்தில் எல்லாச் சுவரோவியத்தையும் அந்தப் பெயரால் அழைக்கும் பேச்சு வழக்கு இருப்பதால், மொழிபெயர்த்து எழுதுபவர்கள் அதை அப்படியே ஈரக்காரை ஓவியம் என்று எழுதிவிடுகிறார்கள். ஆய்வு செய்தவர் சொன்னால் எழுதுங்கள். இல்லையென்றால் ‘சுதைப் பூச்சின் மேல் தீட்டிய சுவரோவியம்’ என்பது போதும்.

ஊரின் பெயர்

இது எங்கள் பகுதிக்கே உரிய தொல்லை. 1950களில் அச்சான நூல் ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்று சொல்லும். 1954க்கும் 1968க்கும் இடையே பத்துத் தொகுதிகளாக வந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்திலும் அப்படித்தான் இருக்கும். அன்றைக்கு அது சரி. 1989 செப்டம்பர் 30 அன்று அந்த மாவட்டம் இரண்டானது. திருமலை திருவண்ணாமலைப் பக்கம் போயிற்று. மிஞ்சிய பகுதி பின்னர் வேலூர் மாவட்டமாகி, 2019இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. ஆம்பூர்ப் பகுதியில் மலையாம்பட்டு ஊருக்கருகே உள்ள ஆர்மாமலைக் குகை, எட்டாம் நூற்றாண்டுச் சமண ஓவியங்களின் எச்சம் உள்ள இடம், இன்று திருப்பத்தூர் மாவட்டம். இதைப் பற்றி 2015இல் எழுதிய கட்டுரை வேலூர் மாவட்டம் என்று சொல்வது எழுதியவரின் பிழையன்று. அதை இன்றைய நிலைக்கு ஏற்ப மாற்றுவது திருத்த வருகிறவரின் கடமை. கட்டுரையின் முதல் வரியில் இன்றைய மாவட்டத்தை எழுதி, வரலாற்றுப் பகுதியில் முன்பு இது வட ஆற்காட்டைச் சேர்ந்திருந்தது என்று ஒரு வாக்கியம் சேர்த்துவிட்டால், பழைய நூலைப் பார்த்து வருகிற வாசகர் வேறோர் இடமோ என்று மயங்க மாட்டார்.

சொல்லைத் துலக்குதல்

இவ்வளவுக்கும் பிறகே நடைக்கு வர வேண்டும். திருமலைக் கட்டுரையின் தொடக்க வாக்கியம் ஏறத்தாழ இப்படி இருந்தது: ‘உலகப் புகழ் பெற்ற இந்த அற்புத ஓவியம், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குந்தவைப் பிராட்டியாரால் மூலிகைச் சாயம் கொண்டு தீட்டச் செய்யப்பட்டு, தமிழரின் ஒப்பற்ற கலைத்திறனுக்குச் சான்றாக இன்றும் மங்காமல் ஒளிர்கிறது.’ எழுதியவரின் அன்பு ஒவ்வொரு சொல்லிலும் தெரிகிறது, அந்த அன்பு எனக்கும் உண்டு. ஆனால் நேரில் பார்த்தவருக்கு ஓவியம் மங்கியிருப்பது தெரியும். பார்க்காதவருக்கு இந்த வாக்கியத்திலிருந்து அது என்ன ஓவியம் என்றே தெரியாது. நாங்கள் அதை இப்படி மாற்றினோம்: ‘திருமலைச் சமவசரண ஓவியம் என்பது, திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகிலுள்ள திருமலைச் சமணக் கோயில் வளாகத்தில், குகையை ஒட்டிய அறைகளில் காணப்படும் சுவரோவியங்களுள் ஒன்று. தீர்த்தங்கரர் அறம் உரைக்கும் பேரவையை இது வட்ட வடிவில் காட்டுகிறது. இங்குள்ள ஓவியங்களின் காலம் பற்றி ஆய்வாளரிடையே ஒத்த கருத்து இல்லை.’ என்ன, எங்கே, எதைக் காட்டுகிறது, எப்போது என்ற நான்குக்கும் முதல் மூன்று வாக்கியங்களிலேயே விடை இருக்கிறது. புகழ்ச்சி வேண்டுமானால், அதைச் சொன்ன அறிஞரின் பெயரோடு கீழே ஒரு பகுதியில் வரலாம்.

மொழிபெயர்ப்பில் பிறந்த கட்டுரைகளில் கலைச்சொற்களைத் தனியே சலித்தெடுக்க வேண்டும். ‘கேன்வாஸில் எண்ணெய்’ என்று இருந்தால் ‘கித்தான் மேல் எண்ணெய் வண்ணம்’ என்று மாற்றுங்கள். ஸ்டில் லைஃப் என்பதைக் கணினி ‘இன்னும் வாழ்க்கை’ என்று பெயர்த்துத் தந்ததை ஒரு கட்டுரையில் கண்டேன். அது கனியும் குடமும் வைத்து வரைந்த அசையாப் பொருளோவியம். ஓவியர் பெயர் உறுதியில்லாத இடத்தில் ‘இன்னார் வரைந்ததாகக் கருதப்படுகிறது’ என்பதும், ‘இன்னாருடைய பட்டறையில் வரையப்பட்டது’ என்பதும், ‘இன்னாரைப் பின்பற்றி வரையப்பட்டது’ என்பதும் வெவ்வேறு செய்திகள். மூன்றையும் ‘இன்னார் வரைந்தார்’ என்று சுருக்கிவிடக் கூடாது. அளவுகளில் உயரம் முதலில், அகலம் பிறகு; சட்டகத்தைச் சேர்க்காத அளவு.

படத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய சுவரோவியத்துக்குப் பதிப்புரிமை இல்லை. ஆனால் அதை எடுத்த ஒளிப்படத்துக்கு உண்டு. ஆகவே பிறர் படத்தை இணையத்திலிருந்து எடுத்துப் போடாமல், இசைவு உள்ள இடத்தில் நீங்களே எடுத்து, கட்டற்ற உரிமத்தில் வழங்குங்கள். ஃபிளாஷ் வேண்டாம், சுவரைத் தொடவோ, வண்ணம் பளிச்சென்று தெரிய வேண்டுமென்று தண்ணீர் தெளிக்கவோ கூடாது. அண்மைக்கால ஓவியராக இருந்தால், இந்தியச் சட்டப்படி அவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை ஓவியத்துக்கே உரிமை உண்டு.

முன் எழுதியவரோடு

நான் முதன்முதலில் எழுதிய கட்டுரையை ஒருவர் ஒரே இரவில், ஒரு சொல்லும் சொல்லாமல், முழுவதும் மாற்றிவிட்டார். மாற்றங்களில் பல சரியானவையே. ஆயினும் எது ஏன் மாறியது என்று தெரியாததால் அந்தக் கட்டுரைப் பக்கமே ஓராண்டு நான் போகவில்லை. அதனால் இப்போது நான் பகுதி பகுதியாக மாற்றுகிறேன். ஒவ்வொரு முறையும் திருத்தச் சுருக்கத்தில் காரணத்தை ஒரு வரி எழுதுகிறேன். ‘மாவட்டப் பெயர் 2019 பிரிவினைக்கு ஏற்பத் திருத்தம்’, ‘மூலிகைச் சாயம் என்பதற்குச் சான்று இல்லை, பேச்சுப் பக்கத்தில் கேட்டுள்ளேன்’ என்பது போல. ‘கோலம்’ என்று எழுதிய அன்பருக்கும் அப்படியே எழுதினேன். அவர் ஆரணிக்காரர்; வேலைக்காக வெளியூரில் இருப்பவர்; சிறுவயதில் பார்த்த நினைவிலிருந்து எழுதியதாகச் சொன்னார். இன்று அந்தக் கட்டுரையின் வருணனைப் பகுதியை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் கவனித்துக்கொள்கிறோம்.

கடைசியாக ஒரு சோதனை. ஓவிய ஆசிரியர் என்பதால் எனக்குத் தோன்றியது. திருத்தி முடித்த வருணனையை, ஓவியத்தைப் பார்க்காத ஒருவருக்கு நிதானமாகப் படித்துக் காட்டி, கேட்டதை மட்டும் வைத்து வரையச் சொல்லுங்கள். அழகாக வர வேண்டியதில்லை. எந்த இடத்தில் அவர் கை தயங்குகிறதோ அந்த வாக்கியம் இன்னும் சரியாகவில்லை. பக்கத்து வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண்ணிடம் திருமலைக் கட்டுரையைப் படித்தேன். வட்டத்தைப் போட்டாள், மதில்களைப் போட்டாள், நடுவில் அமர்ந்த உருவத்தையும் போட்டுவிட்டுப் பென்சிலை நிறுத்தினாள். “ஐயா, இந்த வட்டம் எவ்வளவு பெருசு? ஆள் உயரம் இருக்குமா, இல்ல சாப்பாட்டுத் தட்டு அளவா?” என்று கேட்டாள். இத்தனை நாள் திருத்தியும் ஓவியத்தின் அளவு கட்டுரையில் எங்குமே இல்லை. நானே நாடாவைக் கொண்டுபோய் அளந்து எழுத முடியாது. அச்சில் வந்த அளவு வேண்டும். அன்று மாலையே பேச்சுப் பக்கத்தில் அந்தக் கேள்வியை இட்டேன்: ‘திருமலைச் சமவசரண ஓவியத்தின் விட்டத்தை அளந்து வெளியிட்ட நூலோ கட்டுரையோ யாரிடமாவது இருக்கிறதா? இருந்தால் பக்க எண்ணோடு தெரிவியுங்கள்.’